லிப்வர்ட் விமர்சனம்: பின்னால் ஓடும் ஹெல்பர்கள் விழும்போது யாரிடம் என்ன சொல்கின்றன?

ஒரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை (விஎம்) நிர்வகிக்கும் மென்பொருள் லிப்வர்ட். அது தரும் பிழைச்செய்தியை வலது ஓரத்திலிருந்து படியுங்கள். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதுதான். இடது ஓரத்தில் 'இன்டர்னல் எரர்' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் பயந்து, அந்த வரியை அப்படியே நகலெடுத்துத் தேடப் போய்விடுவார்கள். உண்மையான காரணம் ஒரு நீண்ட கட்டளையைத் தாண்டி, கடைசி ஆறேழு சொற்களில் இருக்கும். இருந்தால் நம் அதிர்ஷ்டம். சில சமயம் இருக்காது. எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

நான் ஒன்பது வருடமாக விஎம்களைப் பராமரிக்கிறேன். இப்போது என் பொறுப்பில் 14 சர்வர்கள், அவற்றின் மேல் ஏறத்தாழ 160 விஎம்கள். எல்லாவற்றையும் ஓட்டுவது கேவிஎம், க்யூஎமு, அவற்றை நிர்வகிக்க லிப்வர்ட். இந்த மென்பொருளை எடைபோடுகிறவர்கள் வேகத்தைப் பார்ப்பார்கள், ஓடும் விஎம்மை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது எவ்வளவு சுலபம் என்று பார்ப்பார்கள். அவற்றில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படுகிற ஆளாக எனக்கு முக்கியமான கேள்வி வேறு: ஏதாவது ஒன்று உடைந்தால், என்ன உடைந்தது என்று இது நேராகச் சொல்கிறதா?

ஒரு விஎம் என்றால் ஒரு க்யூஎமு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம், பின்னால் ஹெல்பர்கள் என்னும் துணை நிரல்கள் பல ஓடும். விஎம்முக்கு ஐபி முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க். சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் இருப்பதுபோல் காட்ட எஸ்டபிள்யூடிபிஎம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 இல்லாமல் நிறுவ விடாது என்பதால் இது இப்போது எங்கும் இருக்கிறது. சர்வரின் ஒரு கோப்புறையை விஎம்முக்குள் காட்ட விர்டியோஎஃப்எஸ்டி. ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமல் நெட்வொர்க் தர பாஸ்ட். விஎம்மின் நினைவகத்தை வட்டில் எழுதிவைக்க ஐஓஹெல்பர். இத்தனையையும் க்யூஎமுவுக்குள்ளேயே வைக்காமல் பிரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒன்றில் ஓட்டை விழுந்தால் அடுத்ததற்குள் எளிதில் புக முடியாது, ஒவ்வொன்றுக்கும் தேவையான உரிமையை மட்டும் கொடுக்கலாம்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ப்ராசஸுக்குள் ஒரு ஃபங்ஷன் தோற்றால் காரணத்தை அழைத்தவரிடமே கொடுத்துவிடலாம். தனி ப்ராசஸ் தோற்றால், அது தன்னைத் தொடங்கியவருக்கு விட்டுச்செல்வது சொற்பம்: 0 முதல் 255 வரை ஒரு எக்ஸிட் கோட் (0 என்றால் வெற்றி), அல்லது இயங்குதளம் அனுப்பிய எந்த சிக்னலில் செத்தது என்ற எண், அப்புறம் பிழைகளுக்கான வெளியீடான ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிய சில வரிகள். அந்தச் சில வரிகளை யார் பிடிக்கிறார்கள், பிடித்து யாரிடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆகவே ஒரு வார இறுதியில், வேலையில் இல்லாத ஒரு சர்வரில் டெபியன் 13 போட்டு, அதோடு வரும் லிப்வர்ட் 11.3-ஐ நிறுவி, ஹெல்பர்களை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தேன்.

முதலில் டிஎன்எஸ்மாஸ்க். லிப்வர்ட்டின் இயல்பான நெட்வொர்க்குக்கு 192.168.122.1 என்ற முகவரியில் அது டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) வேலைக்கான 53-ஆம் போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, பிடிக்க வேண்டும். நான் அதற்கு முன்பே வேறொரு டிஎன்எஸ் சர்வரை எல்லா முகவரிகளிலும் 53-இல் உட்கார வைத்துவிட்டு நெட்வொர்க்கைத் தொடங்கினேன். வந்த செய்தி மூன்று பகுதியாக இருந்தது. எந்தக் கட்டளை ஓடியது என்று முழுமையாக, எக்ஸிட் கோட் 2 என்று, பிறகு டிஎன்எஸ்மாஸ்க்கே எழுதிய வரி: 192.168.122.1-க்கு சாக்கெட் (இணைப்பு முனை) திறக்க முடியவில்லை, முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? லாக் என்னும் பதிவுக் கோப்பைத் திறக்காமலே அரை நிமிடத்தில் சரிசெய்யலாம்.

இந்தப் பெருமையில் பெரும்பங்கு டிஎன்எஸ்மாஸ்க்குக்கு உரியது. அதன் கையேட்டில் எக்ஸிட் கோட்களுக்குப் பொருள் எழுதியிருக்கிறது. 1 என்றால் அமைப்புக் கோப்பில் தவறு, 2 என்றால் நெட்வொர்க், 3 என்றால் கோப்பு அல்லது அனுமதி, 4 என்றால் நினைவகம் போதவில்லை, 5 என்றால் மற்றவை. இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது பின்னணிக்குப் போகும்போது, முதலில் ஓடிய ப்ராசஸ் உடனே வெளியேறுவதில்லை. ப்ராசஸ்களுக்கு இடையே சேதி கடத்தும் ஒரு பைப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. தொடங்கும் வேலை முழுவதும் முடிந்தபின் பைப் மூடப்படும், அப்போதுதான் அது 0-உடன் வெளியேறும். நடுவில் எது தோற்றாலும் அந்தச் சேதி பைப் வழியாகத் திரும்பி வரும். ஆகவே 'தொடங்கிவிட்டேன்' என்று டிஎன்எஸ்மாஸ்க் சொன்னால் அது உண்மையிலேயே தொடங்கியிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய பாஸ்ட்டின் கதை உதவும். பாஸ்ட் ஆதரவு லிப்வர்ட்டில் வந்தது 2023 ஜனவரியில், 9.0 வெளியீட்டில். ஆரம்பத்தில் பாஸ்ட்டைப் பின்னணிக்குத் தள்ளும் வேலையை லிப்வர்ட்டே செய்தது. அதாவது இரண்டு முறை ஃபோர்க் செய்து (தன் நகலாகக் குழந்தை ப்ராசஸை உருவாக்கி), அந்தக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு, அதன் அடையாள எண்ணான பிஐடியைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பாஸ்ட் அதற்குப் பிறகுதான் தன் கட்டளையைப் படிக்கத் தொடங்கும், போர்ட்களைத் திறக்கும். அங்கே தோற்றால் கேட்க ஆள் இல்லை. லிப்வர்ட்டைப் பொறுத்தவரை எல்லாம் நன்றாக நடந்தது. விஎம் எழுந்துவிடும், ஆனால் அதன் நெட்வொர்க்குக்குப் பின்னால் பாஸ்ட் என்று ஒன்றே இருக்காது.

இதற்கான திருத்தமும் 2023-லேயே வந்தது. திருத்தத்தின் அழகு, அதில் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது. பின்னணிக்குப் போகும் வேலையை பாஸ்ட்டிடமே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். டிஎன்எஸ்மாஸ்க் செய்வதுபோல அதுவும் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுத் தானாகப் பின்னணிக்குப் போகும். லிப்வர்ட் அதுவரை காத்திருக்கும். எக்ஸிட் கோட் 0 இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் எரரில் வந்ததை எடுத்துக் காட்டிவிட்டு விஎம்மைத் தொடங்காமல் நிறுத்திவிடும். நான் சோதித்தபோது சர்வரின் 2222-ஆம் போர்ட்டை விஎம்மின் 22-க்குத் திருப்பச் சொல்லிவிட்டு, அதே 2222-ஐ வேறொரு நிரலால் பிடித்து வைத்தேன். விஎம் எழவில்லை. பாஸ்ட்டைத் தொடங்க முடியவில்லை என்று லிப்வர்ட் சொன்னது, கூடவே 2222-ஐப் பிடிக்க முடியவில்லை என்ற பாஸ்ட்டின் சொந்த வரியும் வந்தது. நெட்வொர்க் இல்லாத விஎம் ஓடுவதைவிட, காரணத்தோடு ஓடாத விஎம் எனக்கு நூறு மடங்கு மேல்.

பிறகு இன்னொரு நல்ல வேலையும் செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்ட் விழுந்தால் க்யூஎமு அதை ஒரு நிகழ்வாக அறிவிக்கிறது, லிப்வர்ட் அதைக் கேட்டு பாஸ்ட்டை மறுபடி தொடங்கிவிடுகிறது. மற்ற ஹெல்பர்களுக்கும் இதே கவனிப்பு கிடைத்தால் இந்த விமர்சனத்தின் இரண்டாம் பாதியை எழுத வேண்டியிருக்காது.

பிரிட்ஜ் ஹெல்பரைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரணப் பயனரின் விஎம்மை ஒரு பிரிட்ஜில் (நெட்வொர்க்குகளை இணைக்கும் பாலத்தில்) இணைக்க க்யூஎமுவோடு வரும் சின்ன நிரல் இது. எந்த பிரிட்ஜுக்கு அனுமதி என்று ஒரு கோப்பில் எழுதியிருக்க வேண்டும், வேலை முடிந்ததும் திறந்த சாதனத்தை ஒரு சாக்கெட் வழியாகத் திருப்பி அனுப்பும். அனுமதிக் கோப்பில் என் பிரிட்ஜின் பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தேன். ஹெல்பரோடு பேச முடியவில்லை என்று ஒரு வரி, அதற்குள்ளேயே ஹெல்பரின் ஸ்டாண்டர்ட் எரர்: அனுமதிக் கோப்பு மறுத்துவிட்டது. முன்பகுதியில் சாக்கெட் இணைப்பு இல்லை என்று வருவது மட்டும் புதியவரைத் திசைதிருப்பும். மற்றபடி நிறைவு.

எஸ்டபிள்யூடிபிஎம்மில் வந்து நின்றேன். இங்கேதான் எனக்கு மனது பொறுக்கவில்லை.

ஒரு புதிய விஎம்முக்கு டிபிஎம் தயாராக வேண்டுமென்றால் லிப்வர்ட் முதலில் எஸ்டபிள்யூடிபிஎம் செட்அப் என்ற நிரலைக் கூப்பிடுகிறது. அது சான்றிதழ் உருவாக்க லோக்கல்சிஏ என்ற நிரலைக் கூப்பிடுகிறது. அது இன்னொரு சான்றிதழ் நிரலைக் கூப்பிடுகிறது. ஹெல்பருக்கு ஹெல்பர், அதற்கும் ஒரு ஹெல்பர். லோக்கல்சிஏ தன் சாவிகளை வைக்கும் கோப்புறையின் உரிமையை ரூட்டுக்கு மாற்றிவிட்டு விஎம்மைத் தொடங்கினேன். அனுமதி மாறிப்போவது பேக்கப்பிலிருந்து மீட்ட சர்வர்களில் நடக்கக்கூடியதுதான், கற்பனைச் சோதனை அல்ல.

கிடைத்தது இவ்வளவுதான்: செட்அப் நிரலை ஓட்ட முடியவில்லை, எக்ஸிட் கோட் 1, விவரங்களுக்கு இந்த லாக்கைப் பாருங்கள் என்று ஒரு நீண்ட பாதை. அந்த லாக்கைத் திறந்தால் உள்ளே தெளிவான ஒரு வாக்கியம் இருக்கிறது. இன்ன கோப்புறையில் இன்ன பயனருக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை வேண்டும் என்று பெயரோடு சொல்லியிருக்கிறது. எழுதியவர் பொறுப்போடு எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் மேலே வந்து சேரவில்லை.

'லாக்கில் இருக்கிறதே, திறந்து பார்த்தால் என்ன' என்று கேட்கலாம். என் இடத்தில் விஎம்களைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நான் அல்ல, டெவலப்பர்கள். லிப்வர்ட்டை வேறொரு கணினியிலிருந்து பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. சர்வருக்குள் நுழையும் உரிமை இல்லை. லாக்கைப் படிக்க எங்களிடம் ரூட் உரிமையே வேண்டும். "அக்கா, இந்த லாக்கைப் பார்க்கச் சொல்லுது, எங்க இருக்கு இது?" என்று கேட்டு எனக்குச் செய்தி வரும். பாதை அவர்கள் கணினியில் இல்லாத ஒரு பாதை. லிப்வர்ட்டின் முழுத் திறமையே தொலைவிலிருந்து இயக்குவதில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று, கேட்டவரிடம் காரணத்தைத் தராமல், அவர் நுழைய முடியாத அறையின் முகவரியைத் தருவது சரியில்லை. லாக்கின் கடைசி நான்கைந்து வரிகளைச் செய்தியோடு சேர்த்து அனுப்பினாலே போதும். க்யூஎமு தொடக்கத்திலேயே விழுந்தால் லிப்வர்ட் இதைத்தான் செய்கிறது. 'மானிட்டரோடு இணையும்போது ப்ராசஸ் வெளியேறிவிட்டது' என்று சொல்லி (மானிட்டர் இங்கே திரை அல்ல, க்யூஎமுவோடு பேசும் வழி), க்யூஎமு எழுதிய வரிகளைக் கூடவே ஒட்டிக் காட்டுகிறது. க்யூஎமுவுக்குக் கொடுக்கும் மரியாதையை அதன் துணைகளுக்கும் கொடுக்கலாம்.

விர்டியோஎஃப்எஸ்டியில் பாதி நல்லது, பாதி இல்லை. விஎம்முக்குக் காட்ட வேண்டிய கோப்புறையே இல்லையென்றால் ஹெல்பரைத் தொடங்கும் முன்பே லிப்வர்ட் பார்த்துச் சொல்லிவிடுகிறது. விஎம்மின் நினைவகத்தைப் பகிரும்படி அமைக்காவிட்டாலும் அதையும் நேராகச் சொல்கிறது. இந்த முன்சோதனைகள் பொன்னானவை, ஏனென்றால் ஹெல்பருக்குப் புரியாத சூழல் லிப்வர்ட்டுக்குத்தான் தெரியும். ஆனால் சோதனையைத் தாண்டியபின் ஹெல்பரே விழுந்தால்? அதன் இடத்தில், ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி எழுதிவிட்டு எக்ஸிட் கோட் 1-உடன் வெளியேறும் சின்ன ஷெல் ஸ்க்ரிப்ட்டை வைத்தேன். 'விர்டியோஎஃப்எஸ்டி எதிர்பாராமல் இறந்துவிட்டது' என்ற செய்தி மட்டும் வந்தது. நான் எழுதிய வரி விஎம்மின் பெயரோடு உள்ள தனி லாக்கில் பத்திரமாக இருந்தது. இங்கே அந்த லாக்கின் பாதையைக்கூடச் சொல்லவில்லை.

சாவதற்குக் கொஞ்சம் தாமதித்தால் இதுவும் வராது. அப்போது பேசுவது க்யூஎமு: 12 பைட் தலைப்பு எதிர்பார்த்தேன், 0 பைட் வந்தது என்ற தோரணையில் ஒரு செய்தி. அது பொய்யில்லை. எதிர்முனையில் ஆள் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. ஆனால் இதைப் படித்து, ஓ, கோப்புப் பகிரும் ஹெல்பர் இறந்துவிட்டது என்று எத்தனை பேருக்குப் புரியும்? காரணம் ஒரு ப்ராசஸில் இருக்க, விளைவை இன்னொரு ப்ராசஸ் அறிவிக்கும்போது நேரும் குழப்பம் இது.

இதே குழப்பத்தின் பழைய வடிவம் ஐஓஹெல்பர். விஎம்மைச் சேமிக்கும்போது க்யூஎமு ஒரு பைப்பில் எழுதுகிறது, பைப்பின் மறுமுனையிலிருந்து எடுத்து வட்டில் எழுதுவது ஐஓஹெல்பர். வட்டு நிரம்பிவிட்டால் இடமில்லை என்று இயங்குதளத்தின் மையமான கர்னல் சொல்வது ஐஓஹெல்பரிடம். க்யூஎமுவுக்குத் தெரிவதெல்லாம் பைப் உடைந்துவிட்டது என்பதுதான். எழுதாதவரிடம் போய் ஏன் எழுதவில்லை என்று விசாரித்தால் என்ன பதில் வரும்? 2012-இல் இதைக் கவனித்து, ஐஓஹெல்பர் சொல்லும் பிழையையும் லிப்வர்ட் பிடித்துப் பார்க்கும்படி திருத்தினார்கள். பதினோரு வருடம் கழித்து பாஸ்ட்டில் அதே வகைக் குறை வந்து மீண்டும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு புதிய ஹெல்பரும் இந்தப் பாடத்தை முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். லிப்வர்ட்டுக்குள் ப்ராசஸ்களைத் தொடங்க ஒரே பொதுவான வழி இருக்கிறது. குழந்தையைப் பின்னணிக்குத் தள்ளும் வசதியும் அதில் உண்டு, ஸ்டாண்டர்ட் எரரைப் பிடிக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் தராது. சரியாக அந்த இடைவெளியில்தான் சேதிகள் தொலைகின்றன.

இருப்பதிலேயே மோசம், நிரல்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர். விஎம்முக்கான பாதுகாப்பு விதிகளை எழுதித்தரும் ஹெல்பர் எதற்காகத் தோற்றாலும் வெளியே வருவது ஒன்றுதான்: இந்த நீண்ட அடையாள எண்ணுக்கான ப்ரொஃபைலை (விதித்தொகுப்பை) ஏற்ற முடியவில்லை. எந்தக் கோப்பு, எந்த விதி, ஒன்றும் கிடையாது. சிஸ்டம் லாக்கைத் துழாவ வேண்டும்.

'இன்டர்னல் எரர்' என்ற அந்த முன்னொட்டையும் சொல்லியாக வேண்டும். போர்ட் வேறொருவரிடம் இருப்பது லிப்வர்ட்டின் உள்பிழை இல்லை. கோப்புறைக்கு அனுமதி இல்லாததும் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்து, மென்பொருளில்தான் கோளாறு, காத்திருப்பதைத் தவிர நம்மால் ஆகாது என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அமைப்பைத் திருத்தினால் தீரும் பிழைக்கும், நிரல் எழுதியவர் மட்டுமே தீர்க்கக்கூடிய பிழைக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

தோண்டிப் பார்க்கும் வசதி நன்றாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விர்ட்-அட்மின் கட்டளையால், டீமனை (பின்னணியில் ஓடும் லிப்வர்ட் நிரலை) நிறுத்தாமலே லாக்கின் ஆழத்தைக் கூட்டலாம். 1 என்றால் எல்லாமே, 4 என்றால் பிழைகள் மட்டும். 1-இல் வைத்தால் எந்த ஹெல்பர் எந்தக் கட்டளையோடு தொடங்கியது என்று வரிக்கு வரி பார்க்கலாம். க்யூஎமுவின் லாக்கை விர்ட்லாக்டி என்ற தனி டீமன் பார்த்துக்கொள்கிறது. இயல்பாக 2 எம்பி தாண்டினால் சுழற்றி, பழையவை மூன்றை வைத்திருக்கும். அதனால் ஏதோ ஒரு விஎம் கத்திக்கொண்டே இருந்து வட்டை நிரப்பும் கவலை இல்லை.

வாங்கலாமா என்று கேட்க இது விலைக்கு விற்கும் பொருள் இல்லை, கட்டற்ற மென்பொருள். பயன்படுத்தலாமா என்றால், கட்டாயம். என் 14 சர்வர்களிலும் இதுவே தொடரும். டிஎன்எஸ்மாஸ்க், பாஸ்ட், பிரிட்ஜ் ஹெல்பர் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். டிபிஎம் வைத்த விஎம்கள் தோற்றால் அந்த லாக்கின் கடைசி ஐந்து வரிகளை எடுத்து டெவலப்பருக்கே அனுப்பும் சின்ன ஸ்க்ரிப்ட் ஒன்றை எழுதிவைத்திருக்கிறேன். சோதனை முடிந்த மறுவாரமே அது இரண்டு பேருக்கு வேலை செய்தது, இரண்டு பேரும் என்னைக் கூப்பிடவில்லை. அதே வேலையை லிப்வர்ட்டே செய்வதற்கான திருத்தத்தை சி மொழியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். செட்அப் நிரலுக்கு மட்டும் இப்போது ஓடுகிறது. கோப்புப் பகிரும் ஆறு விஎம்களைத்தான் இன்னும் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.